ஆடி கொண்டுவந்த பழைய வெள்ளிக்கிழமை

ஆடி மாதம் நெடுங்கரைக்கு வந்தால் செண்பகா மஹாலில்தான் தங்கும். மாப்பிள்ளை அறை அதற்கு.

மற்ற மாதங்களுக்கும் ஊரில் இடம் உண்டு. சித்திரை ஐஸ் கம்பெனியின் பின்கட்டில் படுத்துக்கொள்ளும். ஐப்பசி குடைக்கடை மாடியில் ஈரத்துணியோடு இருக்கும். மார்கழி பெருமாள் கோயில் மடத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து அக்கம்பக்கத்தாரையும் எழுப்பிவிடும். தைக்குத்தான் போட்டி. அதைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள நாலைந்து குடும்பங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆடியின் கையை யாரும் பிடித்து இழுத்ததில்லை. கல்யாணம் இல்லாத மாதம், கல்யாண மண்டபம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று குமுதவல்லியின் அப்பா காலத்தில் முடிவானது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபமும் ஆடியும் குமுதவல்லியிடம் வந்தன.

அந்த வருஷமும் ஆடி திருச்சி பஸ்ஸில் வந்தது. ஆனி முன்வாசலில் ஏறியதும் ஆடி பின்வாசலில் இறங்கியது. தோளில் ஒரு சாக்குமூட்டை, கையில் ஒரு டிபன் கேரியர். மூட்டையில் அதன் நாட்கள் இருந்தன. கேரியரின் அடித்தட்டில் ஒரு நண்டு இருந்தது. ஆடி பிறக்கும்போது சூரியன் கடக ராசிக்குள் நுழைகிறது என்பதால் அந்த நண்டை அது கூடவே வைத்திருக்க வேண்டும். கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். நண்டுக்குப் போடவில்லை.

குமுதவல்லி முந்தின நாளே பிளாஸ்டிக் நாற்காலிகளை நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தாள். ஆடியின் சட்டை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஜன்னலை எல்லாம் சாத்திய அறையில் உட்கார்ந்திருந்தாலும் காலர் படபடத்துக்கொண்டும் தலைமுடி பறந்துகொண்டும் இருக்கும். அது நடந்துபோகும் வழியில் கதவுகள் ஒவ்வொன்றாக அடித்துக்கொள்ளும்.

"வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றாள் குமுதவல்லி.

"பஸ்ஸுல கூட்டம்" என்றது ஆடி. "எல்லாம் புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகுதுங்க. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க."

குமுதவல்லி மாப்பிள்ளை அறையைத் திறந்துவிட்டாள். ஆனியில் நடந்த கடைசிக் கல்யாணத்தின் ஸ்டிக்கர் பொட்டுகள் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருந்தன.

குமுதவல்லிக்கு நாற்பது கடந்துவிட்டது. நெடுங்கரையில் நடந்த பாதிக் கல்யாணங்களை அவள் நடத்திவைத்திருக்கிறாள். எந்த மாமனுக்கு எந்த நேரத்தில் கோபம் வரும், மேடையில் எந்தப் பலகை ஆடும், ஜெனரேட்டர் எப்போது காலை வாரும் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கல்யாணம்தான் நடக்கவில்லை. மாப்பிள்ளை கிடைக்காமல் இல்லை. மாப்பிள்ளை இருந்தார். அவர் பெயர் சிங்காரம், கல்யாணச் சமையல்காரர். ஒன்பது வருஷமாக இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். முகூர்த்த நாள் என்றால் இருவருக்கும் வேலை நாள். இவள் மண்டபத்தில் நிற்க வேண்டும், அவர் அடுப்பில் நிற்க வேண்டும். "நாம மணவறையில உட்கார்ந்தா சாவிக்கொத்தை யார் வச்சிருப்பா? ரசத்தை யார் பார்ப்பா?" என்று அவர் கேட்பார். அவளுக்கும் அது நியாயமாகவே படும். முகூர்த்தமில்லாத புரட்டாசியில் அவர் திருப்பதி போகிறவர்களுக்குச் சமைக்கப் போய்விடுவார். மார்கழியில் சபரிமலை அன்னதானம். மிச்சம் இருந்தது ஆடி. ஆடி முழுக்க அவர் செண்பகா மஹாலின் பின்பக்கத்தில்தான் இருப்பார். பித்தளை அண்டாக்களுக்கு ஈயம் பூச வைப்பார், கரண்டிகளை நிமிர்த்துவார். சாயங்காலம் இருவரும் கவிழ்த்துப்போட்ட அண்டாக்களின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இப்படியே ஒன்பது ஆடி போயிருந்தது.

பத்தாவது ஆடியில், கூழ் ஊற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடி தன் தம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து அவர்களோடு உட்கார்ந்தது. சிங்காரம் பறக்கப் பார்த்த விறகுச் சுள்ளிகளைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"குமுதா, ஒண்ணு கேக்கணும்" என்றது ஆடி. "மேடையில தெர்மகோல்ல ரெண்டு பேர் ஒட்டியிருக்கே, அதுக்குக் கீழே என்ன நடக்கும்?"

"கல்யாணம் நடக்கும்."

"அதான் என்ன நடக்கும்?"

அத்தனை கல்யாணம் பார்த்தவளுக்கு அதை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை. "ஒருத்தர் கழுத்துல ஒருத்தர் ஒரு கயிறு கட்டுவாங்க" என்றாள். சொன்னதும் அது சரியில்லை என்று தோன்றியது. "எல்லாரும் ஒரே நேரத்துல கையில இருக்கற அரிசியைப் போடுவாங்க. அந்த நேரம் யாரும் யார்கூடவும் சண்டை போட மாட்டாங்க."

ஆடி யோசித்தது. "நான் பார்த்ததே இல்ல. நான் வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் நடக்குது, நான் போன மறுநாளும் நடக்குது. நான் இருக்கறப்போ நாற்காலியைக் கட்டிவச்சிடறீங்க."

"உங்ககிட்ட முகூர்த்தம் இல்லையே" என்றார் சிங்காரம், மரியாதையோடு.

"இல்லதான். பங்கு பிரிச்ச அன்னைக்கு நான் குடகு மலையில இருந்தேன். ஆத்துத் தண்ணியைத் தள்ளிவிடற வேலை என்னோடது. வேலை முடிச்சு வந்து பார்த்தா பாத்திரம் காலி. எல்லா முகூர்த்தத்தையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. அடியில கொஞ்சம் கூழ் ஒட்டியிருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டேன். பாவம்னு வேப்பிலையும் வளையலும் குடுத்தாங்க. காத்தை யாரும் வாங்கல, அதையும் என் தலையில கட்டிட்டாங்க."

"பேரு?" என்று கேட்டார் சிங்காரம்.

"பேரும் இரவல்தான். பூராடம், உத்திராடம்னு ரெண்டு நட்சத்திரம் இருக்கு. என்னோட பௌர்ணமி அதுங்க பக்கத்துலதான் வரும். அந்தப் பேருங்களோட வாலைப் பிடிச்சு எனக்கு வச்சாங்க." ஆடி கூழை ஒரு வாய் குடித்தது. "புதுசா கல்யாணம் ஆனவங்களைப் பிரிக்கறதுக்கும் நான் காரணம் இல்ல. இப்ப சேர்ந்திருந்தா சித்திரை வெயில்ல பிள்ளை பிறக்கும்னு சொல்றாங்க. வெயில் சித்திரையோடது. பேரு எனக்கு."

அது உண்மைதான் என்று இருவருக்கும் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் என்கிட்டயே பண்ணிக்கலாமே" என்றது ஆடி. "நான் மேடைக்கு ரொம்பக் கிட்ட வரமாட்டேன். விளக்கு அணைஞ்சிடும்னு பயம் வேண்டாம்."

குமுதவல்லி சிங்காரத்தைப் பார்த்தாள். சிங்காரம் தம்ளருக்குள் பார்த்தார்.

"அக்கா ஒத்துக்கணும்" என்றார்.

சிங்காரத்தின் அக்கா பாக்கியம். அம்மா இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். குமுதவல்லி மேல் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. பார்க்கும்போதெல்லாம் தலையில் பூ வைத்துவிடுவாள். ஆனால் ஆடி என்ற பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் வராத கல்யாணம் சிங்காரத்துக்கு வேண்டாம். குமுதவல்லிக்கும் வேண்டாம்.

மறுநாளே சிங்காரம் போய்ச் சொன்னார். பாக்கியம் உள்ளே எழுந்து போகவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேரே செண்பகா மஹாலுக்கு வந்துவிட்டாள். வாசலுக்கு வரும்போதே குடை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதை அப்படியே சுவரில் சாத்தி வைத்துவிட்டு, மாப்பிள்ளை அறைக் கதவைத் தட்டினாள்.

"உன்னை எனக்குத் தெரியும்" என்றாள் ஆடியிடம்.

"எனக்கு உங்களைத் தெரியலையே."

"எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டுத்தானே என் கழுத்துல தாலி கட்டினாங்க. அவருக்குக் கப்பல் ஏறத் தேதி குறிச்சாச்சு, ஆவணி வரைக்கும் தாங்காதுன்னாங்க. ஆடின்னா என்ன, யார் பார்க்கப்போறான்னு உள்ளறையில வச்சு முடிச்சாங்க. கப்பல் ஏறினவர் ஏறினவர்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு தகவல் இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அப்ப முடிவு பண்ணேன். என் வீட்டுல இன்னொரு தடவை ஆடியில தாலி ஏறாதுன்னு."

ஆடியின் சட்டை பலமாகப் படபடத்தது. அது தன் மூட்டையை அவிழ்த்தது. மேலே இந்த வருஷத்து நாட்கள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. ஆற்றில் தண்ணீர் பெருகும் பதினெட்டாம் நாள் மட்டும் ஈரமாக இருந்ததால், பாலிதீன் பையில் தனியாகச் சுற்றி வைத்திருந்தது. அவற்றுக்கு அடியில் பழைய நாட்கள் கிடந்தன. எல்லாவற்றையும் அது வைத்துக்கொள்வதில்லை, மனசுக்குப் பட்ட சிலவற்றை மட்டும். ஆடி கையை விட்டு வெகுநேரம் துழாவி, மூட்டையின் மூலையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு மடித்த ஒரு நாளை எடுத்தது.

"இது எப்படி வந்துச்சுன்னு தெரியாமலே வச்சிருந்தேன்" என்றது. "இதுவா பாருங்க."

பாக்கியம் பிரித்தாள். உள்ளே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எலுமிச்சை நறுக்கிய வாசனை வந்தது. எங்கோ ஒரு கன்றுக்குட்டி கத்தியது. சாத்திய கதவுக்கு உள்ளே யாரோ ஒரு பெண் மெதுவாகச் சிரிப்பது கேட்டது. பாக்கியம் அந்தச் சிரிப்பைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். அது அவளுடைய சிரிப்பு. பிறகு கடையில் புடவை பார்ப்பது போல நாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கரையை விரலால் தடவினாள்.

"கிழிசல் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"இல்லீங்க. நல்ல நாள்தான். மதியத்துக்கு மேல யாரும் தொடக்கூட இல்ல."

"அப்ப நாள்ல ஒண்ணும் இல்ல." அவள் நாளை மறுபடி மடித்தாள். "அந்த ஆளுதான்."

குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு, யாரும் உட்காரச் சொல்லாமலே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். குமுதவல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா வாசல்லயாவது வந்து நின்னிருப்பேன்" என்றது ஆடி.

"பரவாயில்ல விடு." பாக்கியம் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்தை ஆடியிலயே வச்சுக்கலாம். ஆனா புது நாள் வேண்டாம். புது நாள் எப்படிப் போய் முடியும்னு யாருக்குத் தெரியும்? நடந்து முடிஞ்ச நாளா எடு. அதுன்னா எப்படி முடிஞ்சதுன்னு தெரியும். பயமில்ல."

சிங்காரம் குமுதவல்லியைப் பார்த்தார். ஒன்பது வருஷம் இந்த யோசனை இருவருக்கும் வரவில்லை.

ஆடி தன் பழைய நாட்களை எல்லாம் மேடையில் கொண்டுவந்து பரப்பியது. பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேங்காயை வைத்தாள் குமுதவல்லி. பாக்கியம் கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இது?"

"சந்திரன்ல ரெண்டு பேர் இறங்கின நாள். பெரிய நாள்தான். உலகமே அண்ணாந்து பார்த்துச்சு."

"செருப்புக் காலோட நடந்தாங்களாமே."

"பூட்ஸ்."

"கல்யாணத்துக்கு ஆகாது. எடுத்து வை. இது?"

"வெள்ளைக்காரனை வெளியேறுன்னு சொன்ன நாள்."

"வெளியேறுன்னு சொன்ன நாள்ல பொண்ணை உள்ளே கூப்பிட முடியுமா? அடுத்தது."

அடுத்தது பெரிய நாளாக இருந்தது. மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிந்தது. ஒரு ஓரம் கசங்கி, கை பட்டுப் பட்டு மங்கியிருந்தது. நடுவில் வெளிச்சம் நன்றாக இருந்தது.

"இது சுதந்திரம் வந்த நாள்" என்றது ஆடி. குரலைத் தாழ்த்திக்கொண்டது. "எங்கிட்டதான் வந்தது. நான் முடிய ஒண்ணு ரெண்டு நாள் இருக்கறப்போ. ஆவணி வரட்டும்னு யாரும் காத்துக்கிட்டிருக்கல."

பாக்கியம் நிமிர்ந்தாள். "என்ன கிழமை?"

"வெள்ளி. கடைசி வெள்ளி."

"ஆடி வெள்ளியா!" பாக்கியத்தின் முகம் மாறியது. "ஆனா உபயோகிச்ச நாளாச்சே."

"நடுராத்திரியைத்தான் எல்லாரும் உபயோகிச்சாங்க. அப்புறம் காலையில கொடி ஏத்தினாங்க. அதான் இந்த ஓரம் கசங்கியிருக்கு. மத்தியானத்துக்கு மேல ஊரே களைச்சுப்போய்ப் படுத்திடுச்சு. சாயங்காலம் கிட்டத்தட்டப் புதுசு."

"எமகண்டம் மூணுலேர்ந்து நாலரை. அதுக்கு மேலன்னா சரிதான். பிறை?"

"தேய்பிறை. மறைக்கமாட்டேன்."

பாக்கியம் கணக்குப் போடுவதுபோல உதட்டைப் பிதுக்கினாள். "நாட்டுக்குத் தேய்பிறையில வந்து ஒண்ணும் ஆகலையே. அது பாட்டுக்கு நடந்துகிட்டுத்தானே இருக்கு." மறுபடி கையை ஓட்டினாள். வடக்கு ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது. "இங்க ஈரமா இருக்கே."

"அந்தப் பக்கம் அன்னைக்கு நிறையப் பேர் வீட்டை விட்டு நடந்தாங்க. எத்தனையோ தடவை காயப்போட்டுப் பார்த்தேன். காயல."

குமுதவல்லி அந்த ஓரத்தை உள்பக்கமாக மடிக்கப் போனாள்.

"மடிக்காதே" என்றாள் பாக்கியம். "ஈரம் இருக்கட்டும். அழாம எந்தக் கல்யாணம் நடந்திருக்கு? இதையே எடுத்துக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். சிங்காரம் தன் ஆட்களிடம் அடுப்பை ஒப்படைத்தார். நாலு முறை ஒப்படைத்து நாலு முறை திரும்ப வாங்கிக்கொண்டார். பாக்கியம் வந்து கரண்டியைப் பிடுங்கிய பிறகுதான் குளிக்கப் போனார். குமுதவல்லி சாவிக்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பட்டுப்புடவை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு ஆடி அந்த நாளை மண்டபத்தின் வாசலில், பந்தல் கட்டும் கம்புகளுக்கு நடுவே திரைபோலக் கட்டியது. அதை விலக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். உள்ளே மண்டபம் இல்லை. அது இன்னும் கட்டப்படவில்லை. எள்ளுக் கொல்லைதான் இருந்தது. அறுவடை முடிந்து தரை சுத்தமாக இருந்தது. வெயில் சாய்ந்து மஞ்சளாக விழுந்தது. கொல்லை ஓரத்தில் ஒரு மூங்கிலில் காலையில் ஏற்றிய கொடி ஆடிக்கொண்டிருந்தது. குமுதவல்லி மேடை இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பண்ணி அங்கே மணைப்பலகையைப் போடச் சொன்னாள். சமையல் ஆட்கள் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு திரையைத் தாண்டி வந்தார்கள். அத்தனை வருஷத்தைக் கடந்து வந்தும் ரசத்தின் சூடு குறையவில்லை. சிங்காரம் மாலையோடு வந்து தொட்டுப் பார்த்துத் திருப்தியானார்.

கூட்டம் அதிகமில்லை. அப்போது ரோட்டிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த நாளின் ஆட்கள். தூங்கி எழுந்த முகங்கள், சட்டையில் காகிதக் கொடிகள். ஊர்வலம் போய்க் கத்திக் கத்தி ஊருக்கே தொண்டை கட்டியிருந்தது. ஒருவருக்கும் குரல் இல்லை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பாவாடை கட்டிய ஒரு சிறுமி குமுதவல்லியின் பக்கத்தில் வந்து, காற்று மட்டும் வரும் குரலில் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கும் இன்னைக்குத்தான் கிடைச்சதா?"

"ஆமா கண்ணு" என்றாள் குமுதவல்லி. "இன்னைக்குத்தான்."

தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. சிங்காரம் அக்காவைப் பார்த்தார். பாக்கியம் பின்வாங்கினாள். "நான் எதுக்குடா, வேற யாராவது…" என்றாள். குமுதவல்லி மணையில் உட்கார்ந்தபடியே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பாக்கியம் எடுத்துக் கொடுத்தாள். அது ஆகாது, இது ஆகாது என்று அந்த நாளின் பெரியவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தொண்டை இல்லை. கெட்டிமேளத்துக்குக் கைகளைத் தட்டினார்கள். அந்தக் கைகள் காலையிலிருந்து தட்டிப் பழகியிருந்தன. கொல்லையே அதிர்ந்தது.

ஆடி சொன்னபடி தள்ளித்தான் நின்றது. கொடிக்கம்பத்துக்குப் பின்னால், கையில் கொஞ்சம் அரிசியோடு. சிங்காரம் முதல் முடிச்சைப் போட்டபோது குமுதவல்லி தலையைக் குனியாமல் ஆடியைத்தான் பார்த்தாள். ஆடியின் சட்டை அசையவில்லை. காலர் படிந்திருந்தது. தலைமுடி நெற்றியில் விழுந்து அங்கேயே இருந்தது. மணைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கின் சுடர் நேராக நின்றது. எல்லாரும் அரிசியைப் போட்டார்கள். ஆடி தன்னுடையதைப் போட மறந்து உள்ளங்கையை மூடிக்கொண்டே நின்றது. பிறகு நினைவு வந்து, எல்லாரும் போட்டு முடித்த பின் தனியாகப் போட்டது. அது காற்றில் போகாமல் நேரே வந்து குமுதவல்லியின் தலையில் விழுந்தது.

பந்தியில் சிங்காரத்தால் உட்கார முடியவில்லை. மாலையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கொல்லையின் வடக்கு மூலையில் தரை ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. அவர் அங்கேயும் ஒரு வரிசை இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, மற்றவர்களுக்குப் பரிமாறிய எல்லாவற்றையும் பரிமாறினார். கூட்டும் பொரியலும் அப்பளமும் பாயசமும். ரசத்துக்குக் குழி செய்து ஊற்றினார். யாரும் வந்து உட்காரவில்லை. பந்தி முடிந்து இலை எடுக்கப் போனபோது அந்த வரிசையிலும் எல்லா இலைகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பருக்கை இல்லை. சாப்பிட்டது பிடித்திருந்தால் மடிப்பார்களே, அந்தப் பக்கமாகத்தான் மடித்திருந்தார்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் அந்த நாளின் ஆட்கள் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இவர்கள் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். ஆடி திரையை அவிழ்த்து மடித்தது. நடுவில் ஓரிடத்தில் சாம்பார் பட்டு மஞ்சளாகியிருந்தது.

"துவைச்சுக் குடுத்துடறேன்" என்றாள் குமுதவல்லி.

"வேண்டாம்" என்றது ஆடி. "இருக்கட்டும்."

அது மூட்டையைக் கட்டப்போகும்போது பாக்கியம் வந்து நின்றாள். கொஞ்சம் தயங்கினாள்.

"என்னோட நாளு ஒண்ணு உன்கிட்ட இருக்கே. அதை எனக்குக் குடுப்பியா? அந்தச் சாயங்காலத்தை நான் பார்க்கவே இல்ல. உள்ளறையிலயே உட்கார வச்சுட்டாங்க."

ஆடி எடுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து பாக்கியத்தின் வீட்டில் சில சாயங்காலங்களில் தூறல் போடும். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எலுமிச்சை சர்பத் குடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அந்த வழியாகப் போகிறவர்கள் குடையை விரித்து, அவள் வீட்டைத் தாண்டியதும் மடக்கிக்கொள்வார்கள்.

ஆடி முடிந்தது. குமுதவல்லியும் சிங்காரமும் பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை ஆடியில் பிரித்து வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னபோது, இவர்களுக்குக் கல்யாணமாகி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று பாக்கியம் பதில் சொல்லியிருந்தாள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். ஆடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பஸ் திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே போனது.

ஆவணி வந்ததும் மண்டபத்தில் நாற்காலிகளைக் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்தார்கள். முதல் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை குமுதவல்லி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மேற்கிலிருந்து ஒரு மலை வந்தது. போர்ட்டிகோ தாழ்வாக இருந்ததால் அது கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. அதன் தோளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்" என்றது மலை. "மாப்பிள்ளை வீடு தெக்கே. நடந்து வர அவங்களுக்கு நாளாகும். தை மாசம் பார்த்துக் குடுங்க."

குமுதவல்லி வாளியைக் கீழே வைத்தாள். "ஏசி ஹாலா, சாதா ஹாலா?"

"காத்தோட்டமா இருந்தாப் போதும்மா."

சிங்காரம் கையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கத்திலிருந்து வந்தார். மலையை நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் சேர்த்து எத்தனை இலை போடணும்?"

மலை யோசித்தது. இரண்டு கற்கள் உருண்டு ரோட்டில் விழுந்தன.

"எங்க பக்கம் ஆடுங்கதான் அதிகம்" என்றது.

"அப்ப இலையை ரெண்டு மடங்கா வாங்கிடறேன்" என்றார் சிங்காரம்.